எதிர் மேட்டில் ஒரு வருஷம்

ஜூனில் பார்த்தோம் அந்த மஞ்சள் வீட்டை.
இரவு ஒன்பது மணிக்கும் சமையலறையில் வெயில்.
ஐவின்ட் அப்போதே கையெழுத்துப் போட்டிருப்பான்.
ஒரு வருஷம் வாடகைக்கு இருந்து பார்ப்போம் என்றேன்,
எதிர் மேட்டில்,
ஒழுகும் குளியலறையோடு.

பெர்கனில் மழைநாளை எண்ணக் கூடாதாம்.
எண்ணினேன். அக்டோபரில் விட்டுவிட்டேன்.

நவம்பரில் மலை தன் நிழலை
மஞ்சள் வீட்டின் மேல் போர்த்தியது;
பிப்ரவரி வரை எடுக்கவில்லை.
எங்கள் ஒழுகும் பக்கத்துக்கு மட்டும்
ஒரு மணி நேர வெயில்.

பார்த்தாயா
என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அங்கே, நட்ட நடுப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு,
அதை வாங்கியவர்கள்
எதற்கோ
விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஐவின்ட் வாளியைக் கொட்டிவிட்டு வந்தான்.
"இன்னும் ஒரு வருஷமா?"