ஒரு வண்டி தூரம்

ராக்கெட் போன ராத்திரி
கொருக்குப்பேட்டை யார்டில் எல்லோரும் வடக்கே பார்த்தோம்.
எண்ணூர் புகைபோக்கிகளுக்கு இடப்பக்கம்
ஆரஞ்சாய் ஒரு கோடு,
பிறகு மேகம், அவ்வளவுதான்.
அதன் சத்தம் வந்து சேருமுன்
காலி டேங்கர்கள் நாற்பத்தெட்டு வந்து சேர்ந்தன.

உள்ளே ரெண்டு கலம் இருக்குது,
மேலே போய்ப் பிரிஞ்சு திரும்ப ஒண்ணு சேரும் என்றான் லோகிதாசன்.
"சேர்றதுக்கா பிரியணும்?"
கேபினிலிருந்து கேட்டாள் பெர்னதெத்.

அப்புறம் பத்து நாளும் செல்போனில் அதே பேச்சு.
ஐந்நூறு மீட்டர். நூறு. பதினைந்து.
மூன்று வரை போய்
திரும்பிவிட்டார்கள்.

நான் வண்டிக் கணக்கில் எண்ணுகிறவன்.
பின்னால் தள்ளிக்கொண்டு வரும் இஞ்சினுக்கு
கைவிளக்கைக் காட்டி, வாக்கி டாக்கியில்:
அஞ்சு வண்டி.
மூணு.
ஒண்ணு.
அரை.
டிரைவருக்கு என்னைத் தெரியாது அந்த இருட்டில்.
டம்மென்ற சத்தத்தில்
நேதாஜி நகரில் தூளிப் பிள்ளை புரண்டு படுக்கும்.
பூட்டு விழுந்ததா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு
நடுவே குனிந்து நுழைவேன்.

மேலே அப்படி இல்லையாம்.
விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர்,
எறும்பு முந்திவிடும்.
கண்ணுக்குப் பதில் லேசர்.
நடுவில் ஆள் இல்லை.

போனைக் கவிழ்த்து வைத்தேன்.

ஏழாம் லைனில், ஒரு டிசம்பர்,
குரல் கேட்கவில்லை என்றார்கள் பிறகு.
பேட்டரி தீர்ந்திருந்தது.
கன்னியப்பனுக்குக் கல்யாணமாகி நாலு மாதம்.
டிபன் பாக்ஸை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்,
திறக்காமல்.
கனமாக இருந்தது.

மூன்று மீட்டரில் ஏன் திரும்பினார்கள் என்று
டீக்கடையில் ஒரே கிண்டல்.
"வாசல் வரிக்கும் வந்துட்டு
பேஜாராயி ரிட்டனாய்ட்டான் பாரு மாமே."
நான் சிரிக்கவில்லை.
கிட்டப் போய், சரியில்லை என்று பார்த்து,
பின்வாங்கிக்கொள்ள
அங்கே அனுமதி இருக்கிறது.
எங்களுக்கு ஆறு பத்துக்குள்
லைனைக் காலி பண்ணணும்.

சேர்ந்த அன்று நைட் ஷிப்ட் முடியவில்லை எனக்கு.
போகிப் புகையே இன்னும் போகாத காலை,
அதோடு மணலிப் பக்கத்து வாயு நாற்றம்.
பெர்னதெத் கேபினிலிருந்து கத்தினாள்:
"மாட்டிக்கிச்சுப்பா!"
யாரு, எந்த லைன் என்று
ஓட ஆரம்பித்துவிட்டேன்.

ஒன்றிலிருந்து ஒன்றுக்கு
மின்சாரம் போயிற்று என்று மறுபடி வந்தது செய்தி.
அது எனக்குப் புரிந்தது.
பூட்டு விழுந்தால் மட்டும் ரயில் ஆகிவிடாது.
ஹோஸோடு ஹோஸ் மாட்டி, ஆங்கிள் காக்கைத் திறந்து
இஞ்சினின் காற்று கடைசி வண்டி வரை
உஸ்ஸென்று போகணும்.
அந்தச் சத்தம் கேட்டால்தான்
இரண்டும் ஒன்று.

குனிந்து நுழைந்தேன்.
இரண்டு பக்கமும் பனியில் வேர்த்த இரும்பு,
தலைக்கு மேல் ஒரு சாண் வானம்.
"நவுத்தாதே" என்றேன்.
"நவுத்தல" என்றது இஞ்சின்.

இன்னொரு தடவை கேட்டேன்.