நியூட்ரல்

படியை உடைத்த அன்றே கேட்டார் ஆரோன்:
"அப்ப தண்ணியை எது நிறுத்தும்?"
பர்லியார் இறக்கத்தில் இருபது வருஷம்
லாரி ஓட்டியவர். இப்போது சக்கர நாற்காலி.

குன்னூரில் சமதரை ஏது?
ரேஷன் கடை, சர்ச், ஆஸ்பத்திரி, எல்லாமே ஏற்றம்.
ஆறடிக்கு நாலடி குளிக்குமிடத்தில்
ரசமட்டம் வைத்துக் குனிந்திருந்தேன்.
குமிழி நடுவில் நின்றால் குளம் கட்டும்,
ரொம்ப விலகினால் நாற்காலி உருளும்.

நான்கு நாள் மூடுபனி.
கிரவுட் காயவே இல்லை.
இருநூறு வாட் பல்பை விடிய விடிய எரியவிட்டு
லில்லியக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் ஒரு சொம்பு ஊற்றினேன்.
யோசிப்பதுபோல் நின்று
பிறகு சல்லடைக்கு ஓடியது.
மூலையில் மட்டும் ஒரு ரூபாய் அகலத்துக்குத் தேங்கல்.
அந்த ஒற்றை டைலைப் பெயர்த்தேன்.
இன்னும் இரண்டு நாள். இன்னும் பல்பு.

ஆரோன் தட்டாமல் உள்ளே போனார்,
பிரேக்கை எடுத்துவிட்டார்.
கொண்டை ஊசி வளைவில்
எதிர் பஸ்ஸின் ஹாரனுக்குக் காத்திருப்பவர்போல்
தலை சாய்த்திருந்தார்.
சக்கரம் அசையவில்லை.

"நியூட்ரல்ல நிக்குதுப்பா."

கதவைச் சாத்திக்கொண்டார்.
உள்ளே தண்ணீர் விழும் சத்தம்.
கரணை கழுவ
நான் வேறு குழாய் தேடிப் போனேன்.