எந்த ப?

லைப்சிக் நகர அலுவலகம், மூன்றாம் தளம்.
எங்கள் எண் நானூற்றுப் பதினேழு.
நான் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர்:
மணிக்குக் கூலி, பொய்க்குச் சிறை.

மேசையில் குகனேசனின் இரண்டு தாள்கள்.
அவர் பிறந்ததற்கு ஒன்று,
அவருடைய தகப்பன் இறந்ததற்கு ஒன்று.
ஒன்றில் பெயர் 'பே'யில் தொடங்குகிறது.
மற்றதிலும் 'பே'யில்தான் —
பாருங்கள், தமிழில் எழுதியவுடன் வழக்கே முடிந்துவிட்டது.
அங்கே முடியவில்லை.
ஒரு பே-க்கு வயிறு இரண்டு, இன்னொன்றுக்கு ஒன்று.

"இவர்கள் இரண்டு பேர்" என்றார் திருமதி சோக்கே.
"எது சரி? கடின பே-யா, மென் பே-யா?"
கேட்ட வாயிலேயே இரண்டும் ஒன்றாகத்தான் விழுந்தன.
சாக்சனி நாக்கு.
போன மாதம் ரயில் நிலையத்தில்
பயணப் பெட்டிகளை எங்கே வைப்பது என்று கேட்டேன்;
பலகாரக் கடையைக் காட்டினார்கள்.

சொன்னேன்: எங்களுக்கு ஒரே ப. அது வல்லினம்.
மெல்லினமும் உண்டு, மூக்கில் பிறப்பது.
அதைப் போட்டால் பாலசிங்கம்
மாலசிங்கம் ஆகிவிடுவார்.
அவர் சிரிக்கவில்லை.

பிறகு, பிழையைப் பொறுக்கிற ஓர் ஆசிரியை மாதிரி,
தன் மொழியைக் காட்டினார்:
சக்கரமும் 'ராட்', ஆலோசனையும் 'ராட்'.
பன்மையாக்கினால் தெரிந்துவிடும்,
ஒன்றில் ட மெலியும், ஒன்றில் இறுகும்.
எனக்குப் பழைய வினாத்தாள் ஞாபகம் வந்தது.
பொற்குடம், கற்குடம்: பிரித்து எழுதுக.
பின்னால் ஓர் உயிர் வந்து தொட்டால்தான்
மெய் தான் யாரென்று சொல்கிறது.
ஆனால் பாலசிங்கத்துக்கு ஏது பன்மை?

"அவரையே வாசிக்கச் சொல்லுங்கள்."

குகனேசன் கிடங்கில் இரவு வேலை முடித்து
நேரே வந்திருந்தார், சட்டையில் அட்டைப்பெட்டித் தூசி.
முதல் தாளை எடுத்தார்: பாலசிங்கம்.
இரண்டாவது தாள்: பாலசிங்கம்.

"ஒன்றுதான்" என்றார் திருமதி சோக்கே. முத்திரை விழுந்தது.

ஒரு பருவம் நான் பல்கலைக்கழக ஒலிக்கூடத்தில் வேலை செய்தேன்.
நாள் முழுக்க ராட், ராட், ராட்.
காது ஒன்றே என்று சாதிக்கும்.
திரையில் அலைக்கோடு மட்டும்
சக்கரத்தின் ஆகாரத்தைப் பத்துப் பதினைந்து மில்லி நொடி
கூட இழுத்துக் காட்டும்.
கடைசி எழுத்து இழந்ததை
முன்னால் நிற்கிற உயிர் கொஞ்சம் வைத்திருக்கும்.

இரண்டாவது தாளில் அந்த 'பா' நீண்டது.
என்னிடம் கருவி இல்லை. நீண்டது.

"உச்சரிப்பில் வேறுபாடு எதுவும் இல்லை" என்ற வரியின் கீழ்
தேதி போட்டுக்
கையொப்பம் இட்டேன்.