கடைசி செக்போஸ்ட்

காவலூர் மலையில் மேகம் விலக
இரண்டே கால் ஆகிவிட்டது.
பட்டியலில் நாற்பத்தியொரு குவாசர்கள்.
விடிவதற்குள் ஐந்து எடுத்தால் பெரிது.

பதினேழாம் எண்.
பெயர் கிடையாது, வானத்தில் ஒரு விலாசம் மட்டும்.
ஆயிரத்து நூறு கோடி வருடம் வந்த ஒளி
கண்ணாடியில் விழுந்து
திரையில் கோடாக நெளிகிறது.
நீலப் பக்கம் முழுக்க
பல்லுபோன சீப்பு.

ஆலங்காயத்திலிருந்து ஏறும்போது பார்த்திருக்கிறேன்:
வனத்துறை செக்போஸ்டில்
லாரியின் தார்ப்பாயை விலக்கி
சந்தனமா என்று மோந்து பார்ப்பார்கள்.
டிரைவர் இறங்கி ஒரு பீடி பற்றவைப்பான்.
இந்த ஒளியையும் அப்படித்தான்
வழிநெடுக ஹைட்ரஜன் நிறுத்தியிருக்கிறது.
ஒவ்வொரு மேகமும்
தனக்குப் பிடித்த ஒரே நிறத்தை
உருவிக்கொண்டு
போ என்றிருக்கிறது.

நிஜத்தைச் சொன்னால்
எனக்கு அந்த விளக்கின் மேல் ஆசையில்லை.
இந்நேரம் அது அணைந்தும் போயிருக்கலாம்.
எனக்கு வேண்டியது
அது இழந்ததன் கணக்கு.
எங்கே நெருக்கி நெருக்கி நிறுத்தினார்கள்,
எங்கே கேட்க நாதியில்லாத வெட்டவெளி.
நாற்பத்தியொரு வண்டியின் கணக்கையும்
பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்
சிலந்தி வலை மாதிரி ஏதோ தெரியும் என்கிறார்கள்.
எனக்கு இன்னும் ஒரு இழைகூடத் தெரியவில்லை.

மூன்றே முக்காலுக்குக் கோடு
சட்டென்று படுத்துவிட்டது.
வெளியே போய்ப் பார்த்தேன்.
ஏலகிரிப் பக்கமிருந்து வந்த மேகம்
மொத்த லோடையும் பறிமுதல் செய்திருந்தது.

குவிமாடத்தை மூட வந்த இருசப்பன் கேட்டார்:
"இன்னா மேடம், மாட்டுச்சா?"

நோட்டில் எழுதினேன்:
பதினேழு. பாதி.