முழுக்கை

கருங்கல் சந்தைக்குப் பின்னால் என் கடை.
மே கடைசியில், மழை பிடிக்கும் முன்,
பிள்ளைகள் ஒவ்வொன்றாய்
என் நாடாவுக்குள் வந்து போகும்.
கை தூக்கு மக்களே, மூச்சை விடு, திரும்பு.
போன வருஷத்து எண்ணுக்குப் பக்கத்தில்
இந்த வருஷத்து எண்ணை எழுதுவேன்.
ஒன்றோ ஒன்றரையோ கூடியிருக்கும்.
சில பயல்கள் மூன்று இஞ்சு ஏறிவந்து
அம்மையைப் பர்ஸைத் தடவ வைப்பார்கள்.

ஜெபிஷா. ஐந்தாம் வகுப்பு.
மார்பு போன வருஷம் இருபத்து நாலரை.
இந்த வருஷம் இருபத்து மூன்று.
நாடாவைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன்.
பழையது, இழுபட்டிருக்கும்.
புதியதைப் பிரித்து அளந்தேன்.
இருபத்து மூன்று.

அவளுடைய அம்மை குவைத்தில்.
மாதாமாதம் பணம் வருவது ஊருக்கே தெரியும்.
பெரியம்மை வீட்டில் மாடி ஏறியதும் தெரியும்.
"என்ன குடுத்தாலும் திங்காது, சவம்" என்றாள் பெரியம்மை,
ஸ்கூட்டர் சாவியை விரலில் சுற்றியபடி.
"கை மட்டும் முழுசா வச்சிரு, போன தடவ மாதிரி."
போன் அடித்தது. வெளியே போனாள்.

பிள்ளை ஒன்றும் பேசவில்லை.
நான் பாதி கடித்து வைத்திருந்த
ஏத்தம்பழ பஜ்ஜியைப் பார்த்துக்கொண்டு நின்றது.
நாடாவை உயர்த்தினேன், தோளுக்குத்தான்.
இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டது.
உடுப்பு நழுவிய இடத்தில்
சட்டைப் பொத்தான் அளவில் ஒன்று, ஆறியது.
அதே அளவில் இன்னொன்று,
ஆறாதது.

அவர்கள் போனபிறகு நோட்டைப் பின்னால் புரட்டினேன்.
போன ஜூன். என் கையெழுத்து.
ஜெபிஷா, முழுக்கை, கூடுதல் இருபது ரூபாய்.
அந்தப் பள்ளிக்கூடத்து உடுப்புக்கு அரைக்கைதான்.
ஏன் என்று கேட்டிருக்கவில்லை நான்.
துணி போதுமா என்று கேட்டிருந்தேன்.

ராத்திரி முழுக்க எனக்கு எதிராய்
நானே சாட்சி பிடித்தேன்.
அவள் புருஷன் சபையில் கணக்குப் பார்ப்பவர்.
அவள் வருஷம் முப்பது பிளவுஸ் தைப்பவள்.
அடி வாங்காமல் வளர்ந்த பிள்ளை எது?
எல்லாச் சாட்சியும் நன்றாகப் பேசியது.
பொத்தான் மட்டும் பேசாமல்
கண்ணுக்குள் கிடந்தது.

விடிந்ததும் ஷட்டரைப் பாதி தாழ்த்தி
1098 அழுத்தினேன்.
"எனக்கு நிச்சயமாத் தெரியாது" என்றுதான் தொடங்கினேன்.
"நிச்சயம் பண்ணுறது எங்க வேலைக்கா.
நீங்க பாத்ததச் சொல்லுங்க."
சொன்னேன், இஞ்சுக் கணக்கில்.
வேறு பாஷை எனக்கு வராது.
பேர் சொல்ல இஷ்டமில்லையென்றால் வேண்டாம் என்றாள்.
புஷ்பலீலா என்றேன். பிறகு ஒருமுறை, மெதுவாக,
எழுத்துக்கூட்டி.

மூன்றாம் நாள் இரண்டு பெண்கள் வந்து
அந்த வீட்டில் வெகுநேரம் இருந்தார்களாம்.
வெள்ளிக்கிழமை பெரியம்மை வந்து
வெட்டாத துணியெல்லாம் திருப்பி வாங்கினாள்.
"ஒனக்க நாடாவ வச்சு எனக்க வீட்டையா அளந்த?"
சபையில் இப்போது என் பக்கத்தில்
ஒரு ஆள் இடம் காலி. குடை வைத்துக்கொள்கிறேன்.

பிள்ளை நாகர்கோவிலில் இருக்கிறது என்கிறார்கள்.
அம்மை விமானம் ஏறிவிட்டாள் என்று ஒரு பேச்சு,
லீவு கிடைக்கவில்லை என்று ஒரு பேச்சு.
உடுப்பைத் தைத்து முடித்தேன்.
நோட்டில் எழுதிய அளவுக்கு அல்ல,
அவள் வயதுக்கு வேண்டிய இருபத்து ஆறுக்கு.
ஆணியில் தொங்குகிறது.
மழைக்காற்று ஷட்டருக்கு அடியில் நுழையும்போது
அரைக்கை இரண்டும்
கொஞ்சம் மேலே தூக்கும்.