உமி

டண்டீ நகரத்து அறக்கொடைக் கடையின் பின்னறையில்
இறந்தவர்களின் இசைத்தட்டுகளைப் பிரித்துவைப்பது என் வேலை.
சம்பளம் கிடையாது. தேநீர் உண்டு.

நூறு தட்டுக்கு ஒன்று முன்னால் போகும்,
கண்ணாடிக்குப் பின்னே, விலைச்சீட்டோடு.
மிச்சம் தொண்ணூற்றொன்பதும் என்னோடு:
மஞ்சள் கோட்டில் பல்லெல்லாம் காட்டும் ஒருவன்,
கால்பந்துக் குழு ஒன்று கும்பலாகக் கத்தியது,
நாய்கள் குரைத்தே முடித்த கிறிஸ்துமஸ் கீதம்,
வேறு யாரோ பாடிப் புகழ்பெற்றவற்றை
மின் ஆர்கனில் மறுபடி கொன்றது, பன்னிரண்டு பாகம்.
பதினோராம் பாகம் மட்டும் நாலு பிரதி.
அதை வாங்கவும் ஆள் இருந்திருக்கிறது.
காசு சேர்த்து, வரிசையில் நின்று.

சனிக்கிழமைகளில் ஆலஸ்டர் பீட்ரி வருவார்.
துறைமுகத்தில் கணக்கெழுதி ஓய்வுபெற்றவர்.
குடையை உதறுவதற்குள் ஆரம்பித்துவிடுவார்:
"இப்போது வருவதெல்லாம் பாட்டா, செங்கா?
தகரத்தை ஆணியால் கீறுகிற மாதிரி.
எங்கள் காலத்தில் ஒவ்வொன்றும் முத்து."
மூன்று வருடமாக இதே பேச்சு.
ராகம்கூட மாறவில்லை.

அன்று எனக்கு முதுகுவலி.
"வாங்க, உங்கள் காலத்தைக் காட்டுகிறேன்" என்று
பின்னறைக் கதவைத் திறந்தேன்.
"முன்னால் இருப்பது புடைத்த அரிசி, மிஸ்டர் பீட்ரி.
உமி இங்கே இருக்கிறது."

எழுபத்துமூன்று என்று எழுதிய பெட்டி.
கண்ணை மூடி ஒன்றை உருவி, ஊசியை வைத்தேன்.
ஒருவன் தன் மோட்டார் படகைக் காதலித்தான்.
அடுத்ததில் ஒருத்தி லா லா என்றாள்,
அதற்குமேல் வார்த்தை வாங்கக் காசில்லாதவள் போல.
பீட்ரி சிரித்தார், தூசிக்குத் தும்மினார், மறுபடி சிரித்தார்.
மூன்றாவதாக அந்த மஞ்சள் கோட்டு.

சிரிப்பு நின்றது.
தேனையும் பணத்தையும்
எதுகைக்காக இழுத்துக் கட்டிய வரிகள்.
இரண்டாவது வரிக்கு அவர் உதடு அசைந்தது.
மூன்றாவதை, பாடுகிறவனுக்கு ஒரு நொடி முன்பே சொன்னார்.

"அர்ப்ரோத் போகிற பேருந்து.
ஓட்டுநரின் ரேடியோவில் இது.
மொய்ரா என் பக்கத்திலிருந்து எழுந்து
முன் இருக்கைக்குப் போய் உட்கார்ந்தாள்.
அவ்வளவுதான்."

ஐம்பது பென்ஸ் கொடுத்தார். ரசீது போடவில்லை.
தட்டைச் சட்டைக்குள் வைத்து மழைக்கோட்டுப் பொத்தானை மாட்டினார்.
வாசலில் நின்று சொன்னார்:
"இருந்தாலும், இப்போது வருவது குப்பைதான்."

மாலைப் பேருந்தில், மாடியில்,
கைப்பேசியை உரக்க வைத்திருந்தான் ஒரு பையன்.
மூன்றே சுரம். நடுவில் ஒரு குரல்
இயந்திரத்தில் மாட்டிக்கொண்ட கைக்குட்டை மாதிரி.
உண்மையைச் சொன்னால் எனக்கும் பிடிக்கவில்லை.
சகிக்கவில்லை. பீட்ரியிடம் சொல்லமாட்டேன்.
பக்கத்தில் இருந்த பெண் ஜன்னலையே பார்த்திருந்தாள்.
பாட்டு முடிந்தது. மறுபடி வைத்தான்.
அவள் திரும்பவில்லை.

இது அதைவிட மோசமா என்று எனக்குத் தெரியாது.
என் கவலை வேறு.
இதற்குத் தட்டு இல்லை, உறை இல்லை,
மூலை மடங்கவும் நிறம் மங்கவும் ஒன்றும் இல்லை.
ஐம்பது வருடம் கழித்து
இவன் குடையை உதறிக்கொண்டு ஒரு கடைக்குள் நுழைந்தால்
எந்தப் பெட்டிக்குள் கைவிடுவான்,
தெரியாமல் இதன்மேல் இடறிவிழ?
நல்லவை எப்படியும் பிழைத்துக்கொள்ளும்.

இறங்குவதற்கு முன் பாட்டின் பெயரைக் கேட்டேன்.
முறைத்தான். பிறகு, எழுத்துக் கூட்டிச் சொன்னான்.
பயணச்சீட்டின் பின்னால் குறித்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை அதை
எழுபத்துமூன்றாம் பெட்டியில்,
மஞ்சள் கோட்டு இருந்த இடுக்கில் செருகினேன்.
தப்பான பெட்டிதான்.
அங்கேதான் இடம் இருந்தது.