பவுசர் வராத கிழமை

வைகாசி கடைசியில் டயருக்குக் காற்றடித்து
ஒலுமடுவுக்கு முதல் நடை போனேன்.
இன்று புரட்டாதி பதினெட்டு.
நாட்களை நான் எண்ணுவதில்லை,
அதற்கு மீற்றர் இருக்கிறது.
திங்கள் ஒலுமடு, செவ்வாய் அம்பகாமம்,
வியாழன் கரிப்பட்டமுறிப்பு.
வீட்டுக்கு ஒரு பீப்பா.
குழாயைத் திறக்கும்போது
என் முகத்தை எவரும் பார்ப்பதில்லை.
பீப்பாவின் வாயையே பார்த்து நிற்கிறார்கள்,
கொஞ்சம் சிந்தினாலும்
கூட்டமாய் ஒரு மூச்சை இழுக்கிறார்கள்.

குளம் முதலில் தன் ஓரங்களைக் கொடுத்தது.
பிறகு தாமரைக் கிழங்கை. பிறகு விராலை.
ஆவணியில் நடுக்குளத்தில்
பெடியள் விக்கெற் நட்டார்கள்.
அங்கேதான் சேற்றுக்குள்
ஒரு தையல் மெசினின் தலை கிடந்தது.
யாருடையதென்று எவரும் கேட்கவில்லை.
ஒருத்தி மட்டும் குனிந்து
சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தாள்,
சுற்றவில்லை.
இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போனாள்.

அங்கம்மாள், என் மனைவி, கந்தப்பளையில் பிறந்தவள்.
எழுபத்தேழில் ஒன்பது வயதோடு
லொறியில் இங்கே வந்து இறங்கியவள்.
தை மாதம் அங்கே உறைபனி விழுமாம்.
விடியற்காலை கொழுந்தெல்லாம் வெள்ளையாய் நிற்குமாம்,
வெயில் ஏற ஏறக் கறுக்குமாம்.
பத்து நாளைக்குப் பேர் இல்லை,
லயத்தில் ஒரே சாக்குக்குள் நாலு பிள்ளைகள்.
“குளிரும் எரிக்கும், வெயிலும் எரிக்கும்.
கொழுந்துக்கு ரெண்டும் ஒன்னுதான்” என்றாள்.
செடி செத்ததா இல்லையா என்று
எப்படித் தெரியும் என்றேன்.
“கட்டைய நகத்தால கீறிப் பாப்பாங்க.
உள்ளாற பச்சை இருந்தா போதும்.”

நேற்று விடிய
எங்கள் தேசிமரத்தடியில் அவள் நின்றதைக் கண்டேன்.
கீறினாள். பார்த்தாள்.
என்ன தெரிந்ததென்று சொல்லவில்லை.
தேத்தண்ணியில் மட்டும்
சீனி கொஞ்சம் கூடியிருந்தது.

ஆடியில் ஓர் இரவு, கரிப்பட்டமுறிப்பு வளைவில்
லைற் வெளிச்சத்துக்குள் ஒரு முதலை.
தார் ரோட்டில் வயிற்றை இழுத்து இழுத்து
வற்றிய ஒரு குளத்திலிருந்து
வற்றிய இன்னொரு குளத்துக்குப் போனது.
எஞ்சினை நிறுத்தினேன்.
முதுகுக்குப் பின்னால் டாங்கிக்குள்
தண்ணீர் ஆடி அடங்கும் சத்தம்.
அதுவும் கேட்டிருக்கும், நின்றது.
கொஞ்சம் திறந்துவிட்டால் என்ன?
கணக்குப் புத்தகம் பக்கத்து சீற்றில் கிடந்தது.
திறக்கவில்லை.
நித்திரை வராத இரவுகளில்
அது இன்னும் ரோட்டைக் கடந்துகொண்டே இருக்கிறது.

இன்று வியாழன்.
கிழக்கே போகையில் நான்கு மாதமாய்
முதுகில் கைவைத்துத் தள்ளிய சோளகம்
மாங்குளம் தாண்டியதும் கையை எடுத்துவிட்டது.
வண்டி சொந்தப் பலத்தில் ஓடியது.
பாலை இலை ஒன்றும் அசையவில்லை.
கண்ணாடிக்கு முன்னால் தும்பிகள்,
ஒன்று, பிறகு எண்ண முடியாமல்.
சுருட்டி வைத்த குழாயை விரித்தேன்,
உள்ளிருந்து ஒரு தவளை, விரல் நகமளவு,
எனக்கு முன்னால் இறங்கி நடந்தது.

தவநிதியின் படலையில்தான் அது நடந்தது.
பீப்பா பாதி நிறைந்திருக்கும்.
அவள் பீப்பாவைப் பார்க்கவில்லை.
முல்லைத்தீவுப் பக்கம், கடலுக்கு மேலே,
சத்தமில்லாமல் ஒரு மின்னல்.
“அண்ணை, காணும்” என்றாள்.
நான் கேட்காதவன் போல நின்றேன்.
“பாதி காணும் அண்ணை. மிச்சத்தைக் கொண்டு போங்கோ.”
ஐந்து வருடமாய் இந்த பவுசர் ஓட்டுகிறேன்,
காணும் என்ற சொல்லை
இந்த ரோட்டில் இன்றுதான் கேட்டேன்.

இனி ஒரு கிழமை வரும்.
அன்று எவரும் என்னைத் தேட மாட்டார்கள்.
போன் அடிக்காது.
மருதமரத்தடியில் வண்டி நிற்கும்,
மேலேயிருந்து தானாய் நனையும்.
அப்படி மறக்கப்படத்தான்
இவ்வளவு தூரம் ஓடியிருக்கிறேன் போலும்.

மழை இன்னும் விழவில்லை.
புத்தகத்தில் தவநிதிக்கு
முழுப் பீப்பா என்றே எழுதினேன்.
திரும்பும்போது அந்த வளைவில் நிறுத்தி,
இரண்டு பக்கமும் பார்த்து,
மிச்சத்தைத் திறந்துவிட்டேன்.
தார் சீறியது. ஓரத்துப் புழுதி
கறுத்து, சுருங்கி, பிறகு மணத்தது.

இந்த வருடத்தின் முதல் மண்வாசம்
சபையின் தண்ணீரிலிருந்து வந்தது.
செயலாளரிடம் சொல்லிவிடாதீர்கள்.